வேலை முடிந்த பிறகு ஓடியவர்

1968 அக்டோபரில் மெக்சிகோ நகர ஒலிம்பிக்கில் சிங்கப்பூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் 100 மீட்டரை 10.38 விநாடியில் ஓடினார். பெயர் கனகசபை குணாளன். சி. குணாளன் என்று சொன்னால் சிங்கப்பூரில் மூத்தவர்களுக்கு உடனே தெரியும். பதக்கம் கிடைக்கவில்லை, இறுதி ஓட்டத்துக்கும் அவர் போகவில்லை. ஆனாலும் அந்த நேரம் தேசியச் சாதனையாக 33 ஆண்டுகள் நின்றது. 2001இல் யூ. கே. ஷியாம் 10.37 விநாடியில் ஓடித்தான் அதை முந்தினார். விநாடியில் நூறில் ஒரு பங்கு என்பது அந்த வேகத்தில் அரைச் சாண் தூரம்கூட இல்லை. ஒரு தலைமுறை முழுக்க முயன்று, கடைசியில் கிடைத்த முன்னேற்றம் அவ்வளவுதான். ஷியாமின் நேரமும் அடுத்த இருபது ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்தது. குணாளனைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் இந்த எண்ணைத்தான் முதலில் சொல்வார்கள். சொல்லட்டும், பெருமைக்குரிய எண்தான். ஆனால் எண்ணோடு பேச்சை முடித்துவிடுகிறோம். அந்த 10.38 எப்படிப்பட்ட வாழ்க்கையிலிருந்து வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. அந்தக் கேள்விதான் இன்றைய சிங்கப்பூருக்கு அதிகம் வேண்டியது என்று நினைக்கிறேன்.

குணாளன் சிறு வயதிலேயே பொறுக்கி எடுத்து வளர்க்கப்பட்ட ஓட்டக்காரர் இல்லை. 1942இல் மலாயாவில் பிறந்தவர். சிங்கப்பூரின் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து ஆசிரியர் வேலைக்கு வந்தவர். மாலை நேரத்தில் அவர் ஆடியது காற்பந்து. பந்தைத் துரத்தி ஓடிய அந்த இளைஞரின் கால்களை டான் எங் யூன் கவனித்தார். அவர் முன்னாள் தேசிய வீரர், திடல்தடப் பயிற்றுநர். விரைவோட்டத்துக்கு வந்து பார் என்று அவர் அழைத்தபோது குணாளனுக்கு இருபது வயது கடந்திருந்தது. இன்றைய கணக்கில் அது ஓட்டத்தைத் தொடங்கும் வயதே அல்ல. அதன்பின் இரண்டு ஆண்டுகளுக்குள் அவர் தோக்கியோ ஒலிம்பிக்கில் தொடர் ஓட்ட அணியில் இருந்தார். நான்கு ஆண்டுகளுக்குள் ஆசிய அளவில் வெள்ளி வென்றார். 1970இல் போட்டிகளிலிருந்து விலகினார். மொத்தத்தில் ஏழு, எட்டு ஆண்டு ஓட்ட வாழ்க்கை, அதுவும் வகுப்பறை வேலையோடு சேர்ந்தது. அவர் வேலை பார்த்தும் சாதித்தார் என்று நாம் வியக்கிறோம். வேலையும், வேலைக்குப் பிறகு கிடைத்த மாலையும், ஆடத் திறந்திருந்த திடலும், வயது கேட்காத ஒரு பயிற்றுநரின் கண்ணும் சேர்ந்துதான் அவரை உருவாக்கின என்பது என் வாதம். அந்த நான்கில் எதை இன்று காப்பாற்றி வைத்திருக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

வேலை பார்த்துக்கொண்டே ஆடுவது சிங்கப்பூருக்கு மட்டும் உரிய கதை இல்லை. விளையாட்டு உலகத்தின் பெரிய பிளவு ஒன்றே இந்தக் கேள்வியில்தான் நடந்தது. இங்கிலாந்தின் வடக்கே யார்க்‌ஷயர், லங்காஷயர் பகுதிகளில் ரக்பி ஆடியவர்களில் பெரும்பாலோர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள், ஆலைத் தொழிலாளர்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியை மட்டுமாவது ஈடுகட்டுங்கள் என்று வடக்கத்திக் கழகங்கள் கேட்டன. விளையாட்டுக்குக் காசு வாங்குவது இழுக்கு என்று தெற்கத்திய கனவான்கள் மறுத்தார்கள். கூலியை நம்பி வாழாதவர்களுக்கு அந்தக் கொள்கை சுலபமாக இருந்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரின் ஜார்ஜ் விடுதியில் இருபதுக்கும் மேற்பட்ட கழகங்கள் கூடித் தனியே பிரிந்தன. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர் ஆடும் ரக்பி லீக் அப்படிப் பிறந்தது. 1950களில் அந்த ஆட்டத்தின் முன்வரிசை வீரர்கள் வாரம் முழுக்க வேலை, வாரக் கடைசியில் ஆட்டம் என்று வாழ்ந்தவர்கள். அவர்களில் ஒருவர் செயின்ட் ஹெலன்ஸ் கழகத்தின் ஆலன் பிரெஸ்காட். 1958இல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் நான்காவது நிமிடத்திலேயே அவர் கை முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்கும் விதி அன்று இல்லை. அணித் தலைவரான அவர் முறிந்த கையோடு கடைசிவரை ஆடினார். பிரிட்டன் 25-18 என்று வென்றது. உடல் உழைப்பில் பழகிய மனிதர்களின் ஆட்டம் அது.

வடக்கு இங்கிலாந்தில் கழகம் இழந்த கூலியைக் கொடுத்தது. சிங்கப்பூரில் அப்படிக் கொடுக்க யாருமில்லை. கொடுத்திருந்தாலும் வாங்க முடியாது. 1952 முதல் 1972 வரை அனைத்துலக ஒலிம்பிக் குழுவின் தலைவராக இருந்த ஏவரி பிரண்டேஜ், காசு வாங்கிய வீரரை ஒலிம்பிக் வாசலுக்குள் விடக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அந்த விதியின் கீழ்தான் குணாளனின் முழு ஓட்ட வாழ்க்கையும் கழிந்தது. அப்படியானால் அவருக்கு ஈடுகட்டியது எது? ஆசிரியர் வேலை. அன்றைய சிங்கப்பூர்ப் பள்ளிகள் இரண்டு வேளையாக நடந்தன. ஒரே கட்டடத்தில் காலைப் பள்ளி, பிற்பகல் பள்ளி. ஒரு வேளை பாடம் நடத்துகிற ஆசிரியருக்கு மறுவேளையில் சில மணி நேரம் மிஞ்சும். மாதச் சம்பளம் நிச்சயம், பள்ளி விடுமுறை நிச்சயம். மலாயா, சிங்கப்பூர் திடல்தட வீரர்களில் ஆசிரியர்கள் பலர் இருந்தது தற்செயல் இல்லை. 1973இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளில் 200 மீட்டர் தங்கம் வென்ற குளோரி பார்னபாஸும் ஆசிரியர்தான். எந்த விளையாட்டுத் துறையும் திட்டமிடாமலே, பள்ளி அட்டவணை இவர்களுக்கு உதவித்தொகை வேலையைச் செய்தது. சுரங்கத் தொழிலாளிக்கு இழந்த கூலிக்கு ஈடாகக் கழகம் கொடுத்த ஆறு ஷில்லிங் எப்படியோ, இவர்களுக்குப் பிற்பகல் அப்படி.

இந்த வாதத்துக்கு வலுவான சாட்சி 1966 டிசம்பரில் பாங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுகளின் 100 மீட்டர் இறுதி ஓட்டம். முதலில் வந்தவர் மலேசியாவின் மணி ஜெகதீசன். இரண்டாவது சிங்கப்பூரின் குணாளன். இருவருக்கும் குறிக்கப்பட்ட நேரம் ஒன்றே, 10.5 விநாடி. புகைப்படத்தைப் பார்த்துத்தான் தங்கம் யாருக்கு என்று முடிவானது. ஆசியாவின் ஆக வேகமான இருவரும் தமிழர்கள். ஒருவர் ஆசிரியர், மற்றவர் மருத்துவ மாணவர். ஜெகதீசன் மருத்துவம் படித்தது சிங்கப்பூரில். அந்த விளையாட்டுகளில் 100, 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்றவர், பின்னாளில் மலேசியாவின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு உயர்ந்தார். பறக்கும் மருத்துவர் என்று அவரை அழைத்தார்கள். 1964இல் தோக்கியோவில் இந்த இருவரும் ஒரே அணியில் மலேசியாவுக்காகத் தொடர் ஓட்டம் ஓடியவர்கள். அன்று சிங்கப்பூர் மலேசியாவின் ஒரு பகுதி. 1965 ஆகஸ்டில் நாடுகள் பிரிந்தன. ஒரே அணியில் ஓடியவர்கள் அடுத்த ஆண்டு எதிரெதிர்ச் சட்டையில் ஒரே ஓட்டத்தில் நின்றார்கள். அதே பாங்காக்கில் பெண்களின் 400 மீட்டரில் மலேசியாவின் எம். ராஜாமணி தங்கம் வென்றதையும் சேர்த்துப் பாருங்கள். மலாயா, சிங்கப்பூர்த் தமிழர்கள் ஓட்டத்தில் ஆசியாவையே முந்திய ஒரு காலம் இருந்தது. அதில் நாம் இன்னும் போதிய அளவு பெருமைப்படவில்லை என்பது என் வருத்தம்.

இங்கே ஓர் எதிர்ப்பு எழும். அன்று போட்டி குறைவு, இன்றைய தரத்தில் வைத்தால் 10.38 என்ன பெரிய நேரம் என்று கேட்பார்கள். மெக்சிகோவில் தங்கம் வென்ற அமெரிக்கர் ஜிம் ஹைன்ஸ் ஓடியது 9.95. இடையிலிருந்த தூரம் பெரியது, மறுக்கவில்லை. இன்னொன்றையும் சொல்வார்கள். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றின் அடர்த்தி குறைவு, எதிர்ப்பும் குறைவு, விரைவோட்டக்காரருக்கு அது சாதகம். ஒலிம்பிக்கில் செயற்கைத் தடம் போடப்பட்டதும் அங்கேதான் முதல் முறை. இவை அனைத்தும் உண்மை. ஆனால் உயரத்தால் கிடைப்பது விநாடியில் நூறில் சில பங்குதான். மறுபக்கம், குணாளன் ஆண்டெல்லாம் பழகியது புல்தரையிலும் சாம்பல் பரப்பிய தடத்திலும். மழை பெய்தால் சேறு, வெயிலடித்தால் புழுதி. நல்ல தடத்தில் ஓடும் வாய்ப்பு அவருக்கு வாழ்வில் சில தடவைதான் கிடைத்தது. 33 ஆண்டு அந்த நேரத்தைத் துரத்தியவர்களுக்கோ 1973இல் திறந்த தேசிய அரங்கத்தின் செயற்கைத் தடம் உள்ளூரிலேயே இருந்தது. உயரத்தின் சாதகத்தைக் கழிப்பவர்கள் இந்தப் பாதகத்தைக் கூட்டவும் வேண்டும்.

நேரம் அளப்பதைப் பற்றியும் ஒரு சொல். இது பலருக்கும் குழப்பம் தருவது. அந்தக் காலத்தில் பெரும்பாலான போட்டிகளில் ஓட்டக் கடிகாரத்தைக் கையில் பிடித்தபடி நடுவர்கள் நின்றிருப்பார்கள். துப்பாக்கியின் புகையைப் பார்த்ததும் அமுக்க வேண்டும். மனிதக் கண் பார்த்து, விரல் அமுக்குவதற்குள் சிறிது நேரம் கழிந்துவிடும். ஆனால் முடிவுக் கோட்டில் அந்தத் தாமதம் இருக்காது, வீரர் வருவதைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் நடுவர் சரியான கணத்தில் அமுக்கிவிடுவார். ஆகவே கையால் அளந்த நேரம் எப்போதும் உண்மையைவிடச் சுமார் கால் விநாடி குறைவாக, அதாவது வீரருக்குச் சாதகமாக வரும். பழைய பதிவுகளில் 10.3, 10.4 என்று பார்க்கும்போது அவற்றை இன்றைய மின்னணு நேரத்தோடு நேராக ஒப்பிடக் கூடாது. மெக்சிகோவில் மின்னணுக் கருவி அளந்தது. எனவே குணாளனின் 10.38 எந்தச் சலுகையும் இல்லாத நேரம், 2001இன் 10.37ஓடு ஒப்பிடத் தக்க நேரம். அதனால்தான் அது அவ்வளவு காலம் நின்றதற்குப் பொருள் இருக்கிறது.

இனி திடலுக்கு வருகிறேன், ஏனென்றால் இந்தக் கதையில் ஆக அதிகம் மறக்கப்பட்டது அதுதான். தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலையில் நடந்து, பெருமாள் கோயிலைத் தாண்டி இடதுபக்கம் திரும்பினால் ஃபேரர் பார்க். 1840களில் அங்கே குதிரைப் பந்தயத் திடல் அமைந்தது. ரேஸ் கோர்ஸ் ரோடு என்ற பெயர் அதன் மிச்சம். 1911இல் சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்தது அந்தத் திடலிலிருந்துதான். 1933இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனது. 1942 பிப்ரவரி 17 அன்று, பிரிட்டன் சரணடைந்த மறுநாளுக்கு மறுநாள், பல்லாயிரக்கணக்கான இந்திய வீரர்களை அங்கே திரட்டி ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் கதை அந்தப் புல்லில் தொடங்கியது. போருக்குப் பின் அது மக்களின் விளையாட்டுத் திடலாக நிலைத்தது. காற்பந்துத் திடல்கள், ஓடுதடம், நீச்சல்குளம், குத்துச்சண்டைக் கூடம். காலாங்கில் தேசிய அரங்கம் எழும்வரை சிங்கப்பூரின் திடல்தட வாழ்க்கைக்கு அதுவே முக்கிய மையம். சிறிது தள்ளி பாலஸ்டியரில் 1923இல் தொடங்கிய இந்தியர் சங்கத்துக்கும் 1928இல் தொடங்கிய சிலோன் விளையாட்டுக் கழகத்துக்கும் திடல்கள். இன்னொரு பக்கம் 1929இல் திறந்த ஜாலான் புசார் அரங்கம். லிட்டில் இந்தியா என்று இன்று சுற்றுலாப் பயணிகள் படம் எடுக்கும் வட்டாரத்தைச் சுற்றி, வேலை முடிந்து நடந்தே போய் ஆடக்கூடிய தொலைவில், ஒரு பெரிய விளையாட்டு வளையமே இருந்தது.

இப்படிப்பட்ட திடலில் என்ன நடக்கும் என்பதை யோசிக்க வேண்டும். அங்கே வருபவர்கள் யாரும் தேர்வாகி வந்தவர்கள் இல்லை. குமாஸ்தா வருவார், துறைமுகத் தொழிலாளி வருவார், ஆசிரியர் வருவார், போலீஸ்காரர் வருவார். எல்லோரும் ஏதோ ஒன்றை ஆடுவார்கள். அவர்களுக்கு நடுவே விஷயம் தெரிந்த ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். டான் எங் யூன் குணாளனைக் கண்டுபிடித்தது இந்த முறையில்தான். காற்பந்தாட்டத்தில் விரைவோட்டக்காரரைக் கண்டார். எந்தத் தேர்வுப் படிவமும் அப்படிக் காணாது, ஏனென்றால் படிவத்தில் இவர் காற்பந்து என்ற கட்டத்தில் இருந்திருப்பார், அல்லது எந்தக் கட்டத்திலும் இருந்திருக்க மாட்டார். திறமை இருக்கும் இடம் வேறு, திறமையை நாம் தேடும் இடம் வேறு என்ற நிலை எப்போதும் உண்டு. அந்த இடைவெளியை நிரப்புவது, பெரியவர்களும் ஆடுகிற திறந்த திடலும் பார்க்கத் தெரிந்த கண்ணும்தான்.

இன்றைய முறை வேறு. 2004இல் நேரடிப் பள்ளிச் சேர்க்கைத் திட்டம் வந்தது. தொடக்கநிலை ஆறில் இருக்கும் பிள்ளை தன் விளையாட்டுத் திறமையைக் காட்டி உயர்நிலைப் பள்ளியில் இடம் பெறலாம். அதே ஆண்டில் சிங்கப்பூர் விளையாட்டுப் பள்ளியும் தொடங்கியது. இரண்டும் நல்ல நோக்கத்தில் வந்தவை. பல பிள்ளைகளுக்குப் பயன் தந்தவை. ஆனால் பன்னிரண்டு வயதில் யார் வேகமானவர் என்று பார்த்தால், பெரும்பாலும் யார் முன்னதாக வளர்ந்துவிட்டார் என்பதைத்தான் பார்க்கிறோம். ஜனவரியில் பிறந்த பையனுக்கும் டிசம்பரில் பிறந்த பையனுக்கும் அந்த வயதில் ஓர் ஆண்டு வளர்ச்சி வித்தியாசம். மெலிந்து, பிந்தி வளர்கிற பிள்ளை அந்த வாசலில் நுழைய முடியாது. அவன் இருபது வயதில் எப்படி ஓடுவான் என்று பன்னிரண்டு வயதில் யாராலும் சொல்ல முடியாது. குணாளன் அந்தப் பிள்ளைகளின் பிரதிநிதி. அவருக்கு அப்படியொரு தேர்வு நடந்திருந்தால் அவரை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் அவரைக் கவனித்தவர், இருபது வயதைத் தாண்டிய பிறகு கவனித்தார் என்பது உறுதி. அந்த இரண்டாம் வாசல் இல்லையென்றால் சிங்கப்பூருக்கு 10.38 இல்லை.

இதற்கு வலுவான மறுப்பு சாந்தி பெரேரா. 2023இல் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டுகளில் 200 மீட்டரில் தங்கமும் 100 மீட்டரில் வெள்ளியும் வென்றார். 1974இல் தெஹ்ரானில் சீ ஸ்வீ லீ 400 மீட்டரில் வென்ற பிறகு, 49 ஆண்டு கழித்து ஆசிய விளையாட்டுத் திடல்தடத்தில் சிங்கப்பூருக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. சாந்தி விளையாட்டுப் பள்ளியில் படித்தவர், முழுநேர வீராங்கனை. நீச்சலில் ஜோசஃப் ஸ்கூலிங்கும் சிறு வயதிலேயே தொடங்கி, 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டாம்பூச்சிப் பாணியில் 50.39 விநாடியில் தங்கம் வென்றார். அப்படியானால் முறையாக வளர்த்தெடுப்பதுதான் வழி, பழைய கதை எதற்கு என்று கேட்கலாம். நீச்சலைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரோடு பழக்கம் சிறு வயதில் வர வேண்டும், ஜிம்னாஸ்டிக்ஸிலும் அப்படித்தான். ஓட்டம் வேறு. எல்லோரும் ஓடியே வளர்கிறோம். அதன் வலிமை உடல் முழுதாக வளர்ந்த பிறகுதான் தெரியும். சாந்தியின் வாழ்க்கையே அதைத்தான் காட்டுகிறது. 2015இல் சொந்த மண்ணில் தென்கிழக்காசிய விளையாட்டுகளின் 200 மீட்டர் தங்கம் வென்ற பிறகு அவருக்குப் பல ஆண்டு பின்னடைவு. உச்சம் வந்தது 27 வயதில். நடுவில் அவரை முடிந்துபோன கதை என்று நினைத்தவர்கள் உண்டு. பொறுத்திருந்த பயிற்றுநரும் விட்டுக்கொடுக்காத அவரும் சேர்ந்து அந்தத் தங்கத்தைக் கொண்டுவந்தார்கள். எனவே சாந்தி என் வாதத்துக்கு எதிர்ச்சாட்சி இல்லை. வாசலை அவசரமாக மூடாதீர்கள் என்று அவருடைய ஓட்டமும் சொல்கிறது.

சிங்கப்பூர் ஆண்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 1967 முதல் தேசிய சேவை கட்டாயம். பதினெட்டு வயதை ஒட்டிச் சேர்ந்து இரண்டு ஆண்டு கழிந்து வெளியே வரும்போது ஒருவருக்கு இருபது, இருபத்தொன்று. வேகம் முழுதாக வெளிப்படத் தொடங்கும் வயது அது. பள்ளிக் காலத்தில் ஓடியவர்களில் பலர் அதற்குள் ஓட்டத்தை விட்டிருப்பார்கள். படிப்பு, வேலை என்று அடுத்த படி காத்திருக்கும். ஒருவன் அப்போதுதான் தன் கால்களின் பலத்தை உணர்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் எங்கே போவான்? பள்ளி அணி அவனுக்கு இல்லை. தேசிய அணி அவனை அறியாது. குணாளனுக்கு இருந்தது போல் நடந்து போய் ஆடும் திடலும், அங்கே நின்று பார்க்கும் டான் எங் யூனும் அவனுக்கு வேண்டும். தேசிய சேவை இருக்கும் நாட்டுக்குத்தான் பிந்தி வருபவர்களுக்கான வாசல் மற்ற நாடுகளைவிட அவசியம்.

இன்னொரு கேள்வியையும் தவிர்க்கக் கூடாது. சம்பளமில்லாமல் ஓடிய காலத்தை உயர்த்திப் பேசுவது, வீரர்களின் கஷ்டத்தை அழகுபடுத்துவது ஆகாதா? ஆகும், அப்படிப் பேசினால். காசு வாங்காததுதான் தூய்மை என்று நான் நம்பவில்லை. அந்தத் தூய்மைக் கொள்கை வசதியுள்ளவர்கள் எழுதிய விதி. வடக்கு இங்கிலாந்துக் கழகங்கள் 1895க்கு முன்பே கேட்டதை, அதாவது இழந்த கூலிக்கு ஈட்டை, அனைத்துலக ஒலிம்பிக் குழு 1974இல்தான் ஏற்றது. பிரிந்துபோனவர்களைப் பழித்த ரக்பி யூனியனும் சரியாக நூறு ஆண்டு கழித்து 1995இல் ஊதியத்தை அனுமதித்தது. இந்தத் தாமதத்தில் எத்தனை திறமையாளர்கள் கூலிக்கும் ஆட்டத்துக்கும் நடுவே நசுங்கினார்களோ. இன்றைய வீரருக்கு உதவித்தொகை கிடைப்பது நியாயம், இன்னும் அதிகம் கிடைக்க வேண்டும். நான் சொல்வது அதற்கு முந்தைய கட்டத்தைப் பற்றி. யாருக்கு உதவித்தொகை கொடுப்பது என்று தெரிவதற்கு முன், ஆயிரம் பேர் வேலை முடிந்து ஓடிப் பார்க்க நேரமும் இடமும் வேண்டும். உதவித்தொகை தேர்வானவர்களுக்கு. பிற்பகலும் திடலும் எல்லோருக்கும்.

நேரம் இன்று யாரிடம் இருக்கிறது? ஆசிரியர்களிடம் இல்லை. ஒரு வேளைப் பள்ளி முறை வந்த பிறகு ஆசிரியர் வேலை மாலைவரை நீள்கிறது, வீட்டுக்கும் வருகிறது. இன்று ஓர் இளம் ஆசிரியர் ஒலிம்பிக்குக்குப் பயிற்சி எடுப்பதைக் கற்பனை செய்வதே கடினம். அலுவலக ஊழியர் நிலையும் அதுவே. லிட்டில் இந்தியாவில் ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ்நாட்டு, வங்கதேச ஊழியர்களைப் பாருங்கள். இருபதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட உடல்கள், வாரத்தில் ஆறு நாள் கட்டுமானத்திலும் கப்பல் பட்டறையிலும் உழைப்பவர்கள். லங்காஷயரின் முன்வரிசை வீரர்கள் எந்த வகை மனிதர்களோ அதே வகை. அவர்களில் எத்தனை பேர் நல்ல ஓட்டக்காரர்கள் என்று பார்க்க ஒருவரும் இல்லை. அவர்கள் சிங்கப்பூருக்காக ஓடப்போவதில்லை என்பது உண்மை. ஆனால் ஆடுவதற்கு நாட்டைப் பிரதிநிதிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. திடலில் பல வகை மனிதர்கள் கலந்து ஆடும்போதுதான் அது திடலாக இருக்கும்.

குணாளன் தம் வாழ்க்கையில் கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்தவர். 1968, 1969 ஆண்டுகளின் சிறந்த விளையாட்டு வீரர் விருதுகளைப் பெற்றார். ஓட்டத்தை விட்ட பிறகும் உடற்கல்வித் துறையிலேயே இருந்தார். ஆசிரியர்களை உருவாக்கும் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராகப் பல ஆண்டு பணியாற்றினார். பள்ளித் திடல்களில் விசில் ஊதி நின்ற உடற்கல்வி ஆசிரியர்களில் அவரிடம் படித்தவர்கள் எத்தனையோ பேர். பதக்கங்களைவிட இது பெரிது என்றே நான் மதிக்கிறேன். பார்க்கத் தெரிந்த கண்களை அவர் வகுப்பு வகுப்பாக வளர்த்திருக்கிறார்.

கடைசியாக நிலம். சிங்கப்பூரில் இடம் குறைவு, வீடு வேண்டும் என்பதை யாரும் மறுக்க முடியாது. ஃபேரர் பார்க்கில் ஏறத்தாழ பத்து ஹெக்டர் நிலத்தில் சுமார் 1,600 வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகள் கட்டும் திட்டத்தை அரசாங்கம் அறிவித்தது. விளையாட்டு மரபை நினைவூட்டும் வகையில் அந்தக் குடியிருப்பு அமையும் என்றும், பழைய குத்துச்சண்டைக் கூடம் பாதுகாக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது. அந்த அக்கறையை வரவேற்கிறேன். ஆனால் மரபு என்பது சுவரில் மாட்டும் படத்தில் இல்லை. அங்கே குடிவரப் போகிற குடும்பங்களுக்கும், ரேஸ் கோர்ஸ் ரோட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும், முன்பதிவும் கட்டணமும் இல்லாமல் மாலை ஐந்து மணிக்குமேல் இறங்கி ஆடக்கூடிய ஒரு புல்திடல் முழு அளவில் வேண்டும். பள்ளி முடிந்ததும் பூட்டிக் கிடக்கும் திடல்களில் இன்னும் பலவற்றைப் பெரியவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். மூத்த பயிற்றுநர்கள் வாரத்தில் ஒரு மாலையாவது தங்கள் மாணவர்கள் இல்லாத திடலில் நின்று பார்க்க வேண்டும். அங்கே பந்தைத் துரத்தி ஓடுகிற இருபது வயது இளைஞனையோ பெண்ணையோ கண்டால், எந்தப் பள்ளி, எந்த அணி என்று கேட்காமல், நாளைக்கு ஓடிப் பார்க்க வருகிறாயா என்று மட்டும் கேளுங்கள்.